நாலாவது இடத்தில் உட்கார்ந்திருந்தவள்

நான் எழுதிய முதல் பேயைக் கேட்டு என் மதினி கொட்டாவி விட்டாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, "நீ வாசி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அடுத்த பக்கம் முடிவதற்குள் உலை கொதிக்கிறது என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் என் அண்ணன் மனைவி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினான்கு வருஷமாகச் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து ஜடை போல நீளமாகப் பின்னுகிற வேலை. நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் பிரிவில் இருந்தேன். காலண்டர் சாமிகளின் முகத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துச் சுத்தம் செய்வது, பட்டாசுப் பெட்டி லேபிளில் புலிக்கும் மயிலுக்கும் நிறம் கூட்டுவது என் வேலை. செல்போனில் கேமரா வந்த புதிது. வயது இருபத்தாறு. வேலை ஓய்ந்த நேரங்களில், வீணாய்ப்போன லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகப் படம் வரைவேன். என்றைக்கோ நான் எடுக்கப்போகும் சினிமாவின் காட்சிகள் அவை. அச்சகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். கேலி செய்கிறவர்களும் அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அந்த மாசியில் விருதுநகரிலிருந்து ஒரு பருப்பு வியாபாரி, மூட்டைக்கு லேபிள் மாற்றுவதற்காக எங்கள் அச்சகத்துக்கு வந்தார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். சினிமா எடுக்கும் ஆசையில் சென்னைக்கு அலைந்து, ஏகப்பட்ட கதை கேட்டு, ஒன்றும் பிடிக்காமல் திரும்பியவர் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் மேசையில் கிடந்த கட்டங்களை எடுத்துப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். என்ன கதை என்று கேட்டார். பயப்படுகிற கதை, ஆனால் பேய் இருக்கிறதா இல்லையா என்று கடைசிவரை தெரியாது, ஒரு பெண்ணின் மனசுக்குள்தான் எல்லாம் நடக்கிறதோ என்று சந்தேகம் வரும், என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"முழுக் கதையும் எனக்கு வேணாம்மா" என்றார் அண்ணாச்சி. "கதையச் சொல்லிச் சொல்லியே என்னக் கொன்னுட்டாக மெட்ராஸ்ல. ஆரம்பத்த மட்டும் எடுத்துட்டு வாங்க. அது என்னப் பிடிச்சு உக்கார வச்சிருச்சுன்னா மிச்சத்தப் பேசுவோம்."

ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அச்சகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே ஆனிக்குள் முடித்தாக வேண்டும். கையில் நான்கு மாதம் இருந்தது. என் கணக்கில் ஆரம்பம் என்பது ஆறு நிமிடப் படம். அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியாததால் சரி என்றுவிட்டேன்.

மதினிக்கு வாசித்துக் காட்டியது அந்தத் தொடக்கத்தின் முதல் வடிவம். வெடிவிபத்தில் செத்துப்போன ஒருத்தி, எரிந்த முகத்தோடு கம்பெனி வாசலில் வந்து நிற்கிறாள். இடி, மின்னல், நாய் ஊளை எல்லாம் வைத்திருந்தேன். உலையை இறக்கிவிட்டு வந்தவளிடம் எனக்குக் கோபம். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், கொட்டாவி விட்டால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பிடிக்கலன்னுதான் கொட்டாவி விட்டேன். சொன்னா நீ அழுவ" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த எரிஞ்ச மூஞ்சிய எடுத்துரு புள்ள. நம்ம தெருவுல ரெண்டு வீட்ல அப்பிடிப் போனவுக போட்டோவுல இருக்காக. அவுக புள்ளைக தியேட்டருக்கு வரும். அதுகளுக்கு நீ என்னத்தக் காட்டப்போற?"

அந்த இரண்டு வீட்டுக்கும் நான் தினமும் போய்வருகிறவள். எழுதும்போது ஒரு தடவைகூட அவர்கள் ஞாபகம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முன்னாலேயே அந்தத் தாள்களைக் கிழித்தேன்.

கிழித்த பிறகு கேட்டேன், அப்படியானால் வேலை செய்கிற இடத்தில் உங்களுக்கு எதைக் கண்டு பயம் என்று. வெடிக்கும் என்று நினைத்தால் ஒருநாள்கூட வேலைக்குப் போக முடியாது, அதனால் அதை நினைப்பதே இல்லை என்றாள். வேறு பயமே கிடையாதா என்றேன். யோசித்தாள். ஒன்றுமில்லாத விஷயம், சொன்னால் சிரிப்பாய் என்று தயங்கினாள். நான் விடவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் வேலை நடப்பது ஒரே கட்டடத்தில் அல்ல. தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், ஓர் அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது என்று விதி. மதினியின் அறையில் அவளோடு சேர்த்து நாலு பேர். போன சித்திரையில் ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க வெளியே போயிருக்கிறாள். திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தால், உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

"மூணு பேர்தான இருக்கணும், நான்தான் வெளிய நிக்கேனே" என்றாள். "என் எடத்துலயும் ஒருத்தி உக்காந்திருக்கா. என்னய மாதிரியே சேலைமேல சட்டை. முதுகு மட்டுந்தான் தெரியுது. சத்தங்காட்டாம உள்ள போனேன். போனா என் எடம் காலியா இருக்கு. வெயில்லருந்து வந்த கண்ணுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்து பின்ன ஆரம்பிச்சிட்டேன். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். என் ஆறு நிமிடம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் அச்சகத்தில் மயிலுக்கு நீலம் கூட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் சொன்னதில் இல்லாத ஒன்று தானாக வந்து சேர்ந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய பெண், காலியாக இருக்கும் தன் இடத்தில் வந்து உட்காருகிறாள். விட்டுவிட்டுப் போன சரத்தை எடுக்கிறாள். அது ஒரு முழம் வளர்ந்திருக்கிறது.

கேமராவுக்கு ஒருவரைத் தெரியும். என்னோடு வேலை பார்த்த பெண்ணின் கணவர், கல்யாண வீடியோ எடுக்கிறவர், சொந்தமாக டிஜிட்டல் கேமராவும் எடிட்டிங் கம்ப்யூட்டரும் வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கதையைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது. பட்டப்பகலில், ஒரு வெள்ளையடித்த அறையில், நாலு பேர் உட்கார்ந்து சரம் பின்னுவதைக் காட்டினால் யார் பயப்படுவார்கள் என்பது அவர் கேள்வி. முதல் ஷாட்டிலேயே தியேட்டர் அலற வேண்டும், புகை போடலாம், நீல லைட் வைத்துக்கொள்ளலாம் என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஸ்டுடியோவில் உட்கார்ந்து இதையே பேசினோம்.

நாலாவது ஞாயிறு நான் பேசப் போகவில்லை. பதினெட்டு லேபிள் தாள்களில் தொடக்கம் முழுவதையும் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தேன். முதல் தாளில் கைகள் மட்டும், எட்டுக் கை. அடுத்தது அறை, நாலு பெண்கள். அதற்கடுத்து ஒருத்தி எழுந்து போகிறாள், அவளுடைய சரம் தரையில் கிடக்கிறது. பிறகு வெயில், தண்ணீர்ப் பானை, டம்ளர். திரும்பி நடக்கும் கால்கள். வாசலில் இருந்து தெரியும் அறை. அதற்கடுத்த தாளை நான் வைத்தபோது, அவர் அதைப் பார்க்காமல் கையை நீட்டி முந்தின தாளைத் திரும்ப எடுத்தார். விரலை வைத்து எண்ணினார். நாலு முதுகு. இரண்டாம் தாளை எடுத்து ஒரு தடவை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லைட்டு வேணாம்மா" என்றார். "வெயிலே இருக்கட்டும்."

அன்றைக்கு ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்கு நான் நடந்த நடையை யாராவது பார்த்திருந்தால், படமே வெளியாகி ஓடிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

உண்மையான கம்பெனிக்குள் எடுக்க வழியில்லை. செல்போனைக்கூட வாசலில் வாங்கி வைத்துவிடும் இடத்தில் பேட்டரி போட்ட கேமராவுக்கு யார் அனுமதி தருவார்கள்? கேட்ட மூன்று இடத்திலும் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. வெம்பக்கோட்டை ரோட்டில், மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் தனியாக ஓர் அறை நின்றது. எதிரும் புதிருமாகக் கதவுகள், உயரத்தில் ஜன்னல். சுற்றிலும் கரிசல் காடு. உரிமையாளரின் மகன் சினிமா என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். சுண்ணாம்பு அடித்தோம். மருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய்களைக் கூடை கூடையாகச் சேர்த்தோம். திரிக்குப் பதில் நூல்.

நடிக்க, நாடகத்தில் அனுபவமுள்ள ஒரு பெண்ணை மதுரையிலிருந்து வரவழைத்தேன். அலறச் சொன்னால் அருமையாக அலறினாள். ஆனால் என் தொடக்கத்தில் அலறலே கிடையாது. சரம் பின்னத்தான் வேண்டும், அது அவளுக்கு வரவில்லை. காலையிலிருந்து மதினி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும், குழாய்கள் விரல்களுக்கிடையில் நழுவி உருண்டன. கைகள்தான் படத்தின் முதல் ஷாட். எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்தக் கைகளைப் பார்த்தவுடன் பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கே அது புரிந்தது. "உங்க மதினி பின்னுறதப் பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. அவங்களையே எடுங்க" என்று அவளே சொன்னாள்.

மதினி முதலில் முடியாது என்றாள். அண்ணன் என்ன சொல்வார் என்றாள். அண்ணன் லாரி ஆபீஸில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். நான் போய்க் கேட்டபோது, பேய் வேஷமா என்று மட்டும் விசாரித்தார். இல்லை, சரம் பின்னுகிறவள் வேஷம் என்றேன். அதற்கு என்னிடம் எதற்குக் கேட்கிறாய் என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். மதினியோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களும் தாங்களாகவே வந்தார்கள். வேலைக்குப் போடும் ஆண்கள் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, எப்போதும் உட்காரும் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

வைகாசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். சிக்கல் ஒன்றே ஒன்றில்தான் வந்தது. வாசலில் இருந்து பார்க்கும்போது மதினியின் இடத்தில் உட்கார்ந்திருப்பவள் யார்? அவள் உயரத்தில் வேறொரு பெண்ணை உட்காரவைத்துப் பார்த்தோம். முதுகுதானே, யாராக இருந்தால் என்ன என்று நினைத்திருந்தேன். ஆனால் திரையில் அது யாரோ ஒருத்தியின் முதுகாகத்தான் இருந்தது. பயமே வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தோன்றியது, அங்கே உட்கார வேண்டியதும் மதினிதான் என்று. வாசலில் நிற்பவளைக் காட்ட வேண்டியதில்லை. கேமராவே அவள் கண். மதினியை அவள் இடத்தில் உட்காரவைத்து, வீடியோக்காரர் கேமராவை வாசலில் அவள் கண் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார்.

எடுத்ததைக் கேமராவின் சின்னத் திரையில் மதினிக்குப் போட்டுக் காட்டினோம். அவள் கை மெதுவாகப் போய்த் தன் பின்கழுத்தைத் தடவியது.

"நான் பின்னால இப்பிடியா இருப்பேன்?" என்றாள். "அன்னைக்குப் பாத்தது இவளத்தான்."

அந்த அறையில் இருந்த ஏழு பேரும் வெயிலில் வந்து நின்றுகொண்டோம். யாரோ எலுமிச்சைச் சாதம் மிச்சமிருந்த தூக்கைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் உள்ளே போனோம்.

சத்தத்தைப் பற்றிய யோசனை வீடியோக்காரருடையது. பின்னணி இசை வேண்டாம் என்று நான் சொன்னதில் அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு, அறைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்து, பெண்கள் பின்னும் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்தார். காகிதம் உரசும் சத்தம், வளையல் சத்தம். ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாக எடுத்தார். வாசலில் இருந்து பார்க்கும்போது நாலு பேரின் சத்தம் கேட்கும். அவள் ஓர் அடி எடுத்து உள்ளே வைத்ததும் ஒன்று மட்டும் நின்றுவிடும். எது நின்றது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, ஆனால் காதுக்குத் தெரியும் என்றார். எடிட்டிங்கில் போட்டுக் கேட்டபோது எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. புகை போடச் சொன்ன மனிதர் அவர்தான் என்பதை அதோடு மறந்துவிட்டேன்.

ஆனி பாதியில், ஒரு ஞாயிறு மத்தியானம், நானும் மதினியும் வீடியோக்காரரும் சி.டி.யை எடுத்துக்கொண்டு விருதுநகர் போனோம். பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தன் மூஞ்சியைப் பெரிய மனிதர்கள் வீட்டு டி.வி.யில் பார்க்க வேண்டுமே என்ற பயம். சூலக்கரை தாண்டும்போது, நான் இறங்கித் திரும்பிப் போய்விடட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். பேசாமல் இருங்கள் என்றேன்.

அண்ணாச்சி வீட்டு ஹாலில் பெரிய டி.வி. சாப்பாடு முடிந்து வீட்டு ஆட்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சியின் மனைவிக்கு நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியாது. அடுப்படி வாசலில் காபித் தட்டோடு வந்தவர், படம் ஓடத் தொடங்கியதால் அப்படியே நின்றுவிட்டார். மதினி தரையில் சுவரோரமாக உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைகள் வந்தன. அறை வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தண்ணீர்ப் பானை வந்தபோதும் சாய்ந்துதான் இருந்தார். வாசல் வந்தது. நாலு முதுகு. அண்ணாச்சி சாய்விலிருந்து நிமிர்ந்தார். உள்ளே காலடி விழுந்து அந்த ஒரு சத்தம் நின்றதும், ஹாலில் விசிறிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாளின் விசிறி நின்றது. மதினியின் கை சரத்தை எடுத்தது. அளந்தது. ஒரு முழம் கூடுதல். அவள் மெல்ல மற்ற மூன்று பேரையும் பார்க்கிறாள், யாரும் தலை நிமிரவில்லை. அதோடு படம் இருண்டது.

அடுப்படி வாசலில் இருந்துதான் முதல் குரல் வந்தது.

"அந்தச் சரத்த யாரு பின்னுனது?"

கேட்டது அண்ணாச்சியின் மனைவி. காபி ஆறி ஆடை படிந்திருந்தது. இன்னொரு தடவை போடுங்கள் என்றார் அண்ணாச்சி. போட்டோம். இந்தத் தடவை எல்லோரும் டி.வி. பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, தனக்கு மட்டும் சொன்னால் போதும், யார் பின்னினது என்றார்.

"படம் முடியும்போது தெரியும் அண்ணாச்சி" என்றேன். எனக்கே அப்போது முழுசாகத் தெரியாது.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப முடிச்சுத்தான ஆகணும். ஆரம்பிங்க."

அதற்குள் அவர் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் இருந்த மதினியை அடையாளம் கண்டுவிட்டார். "நீங்கதான அது? தரையில ஏன் உக்காந்திருக்கீக, மேல வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பி, சோபாவில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அந்தக் கையை உடனே விடவில்லை. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கையையா நான் இப்போது பார்த்தேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவளும் வீடியோக்காரரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.

படத்தை முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. சீசன் இல்லாத மாதங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எடுத்தோம். கதாநாயகியை மாற்றலாமா என்று இடையில் ஒருவர் யோசனை சொன்னபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணாச்சி மறுத்துவிட்டார். அந்தத் தொடக்கத்தை ஒரு ஷாட்கூட மாற்றவில்லை.

போஸ்டரை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம். முதல் வாரப் போஸ்டரில் மதினியின் முதுகு மட்டும். சிவகாசியில் படம் வெளியான முதல் நாள், மதினியின் கம்பெனியிலிருந்து பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்து பால்கனியில் பாதியை நிரப்பிவிட்டார்கள். கைகள் வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். விசில் பறந்தது. நான் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். வாசலில் இருந்து அறை தெரிந்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது. மதினி தரையிலிருந்து சரத்தை எடுத்தாள். அவள் அளப்பதற்கு முன்பே பால்கனிப் பெண்கள் பக்கமிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் வந்தது. நீளம் கூடியிருப்பது பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கீழே இருந்தவர்களுக்கு அவள் அளந்த பிறகுதான் தெரிந்தது. தியேட்டர் முழுக்க அந்தச் சத்தம் மேலிருந்து கீழே இறங்கியதை என் காதால் கேட்டேன். படம் எடுக்க ஆசைப்பட்ட நாளிலிருந்து நான் வேண்டியது வேறெதுவும் இல்லை.

வெளியூர்களில் படம் சுமாராகப் போனது. எங்கள் பக்கம் நாலு வாரம் ஓடியது. இரண்டாம் வாரத்துக்கு மறுபடி போஸ்டர் ஆர்டர் வந்தபோது, இந்தத் தடவை மதினியின் முகத்தைப் போட்டேன். விஸ்வநத்தம் போகும் கம்பெனி பஸ் வழியில், ஒரு நீளச் சுவரில் வரிசையாகப் பதினாறு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பஸ்ஸில் இருந்த பெண்கள் டிரைவரை நிறுத்தச் சொல்லி எல்லோரும் இறங்கிப் பார்த்தார்களாம். மதினியும் இறங்கி, தன் பதினாறு முகங்களுக்கு எதிரில் நின்றிருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். ஏதோ குறை சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கொஞ்சம் சிரிச்சிருக்கலாமோ?"